இயேசுவின் அதிகாரமும் இரட்சிப்பும்: குமரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் கேட்டவை, கல்யாணப் பந்தலில் உறவுக்காரர்கள் வம்புக்கு இழுத்தவை, பக்கத்து வீட்டு நண்பர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன், சொந்தத்தில் பாதிப்பேர் கத்தோலிக்கர். குமரி மாவட்டத்தில் இது சாதாரணம். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது. வசனங்கள் வருகிற இடங்களில் பழைய மொழிபெயர்ப்பையே எடுத்திருக்கிறேன்.

இயேசுவுக்கு அதிகாரம் உண்டு என்கிறீர்கள். அது என்ன மாதிரி அதிகாரம்?

அதிகாரம் என்றதும் நமக்குத் தாலுகா ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனும்தான் ஞாபகம் வரும். அங்கே கையெழுத்துப் போட ஒருவர் இருப்பார், கைகட்டி நிற்கப் பலர் இருப்பார்கள். இந்த நினைப்போடு சுவிசேஷத்தைத் திறந்தால் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நகூமில் ஒரு வீடு, உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். வாசல் வழியே நுழைய முடியவில்லை. மேலே ஏறிக் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். கால் சரியாக வேண்டும் என்றுதான் வந்தார்கள். இயேசு சொன்னதோ, "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்று. உட்கார்ந்திருந்த வேதபாரகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவத்தை மன்னிக்கக் கடவுளைத் தவிர யாரால் முடியும்? அவர்கள் நினைத்தது தப்பே இல்லை. இயேசுவும் அந்த உபதேசம் தவறு என்று சொல்லவில்லை. எது எளிது, மன்னிக்கப்பட்டது என்று சொல்வதா, எழுந்து நட என்று சொல்வதா என்று கேட்கிறார். மன்னிப்பை யாரும் வாயால் சொல்லிவிட்டுப் போகலாம், சரிபார்க்க வழியில்லை. "எழுந்து நட" என்று சொன்னால் அடுத்த நிமிடமே குட்டு உடைந்துவிடும். அந்தக் கஷ்டமான வார்த்தையைச் சொல்லி, அவன் எழுந்து படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனதும், முதல் வார்த்தையும் வெறும் பேச்சில்லை என்று தெரிந்துபோகிறது. "பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டு" என்பது அந்த இடத்தில் வருகிற வசனம்.

அப்புறம் 11-ஆம் அதிகாரம். தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்த பிறகு பெரிய ஆட்கள் வந்து, எந்த அதிகாரத்தினால் இவைகளைச் செய்கிறீர் என்று கேட்கிறார்கள். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சில் "நீ யாருலே கேக்கதுக்கு?" நியாயமான கேள்விதான். அவருக்கு ஆலயத்தில் பதவி கிடையாது, ஆசாரிய வம்சமும் கிடையாது, பெரிய ரபியிடம் படித்தவரும் இல்லை. நாசரேத்தூர்த் தச்சர். அவர் பதில் சொல்லாமல் யோவானின் ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு எதிர்க்கேள்வி போடுகிறார். எப்படிச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும், தெரியாது என்று நழுவுகிறார்கள். அப்படியானால் நானும் சொல்ல மாட்டேன் என்று விட்டுவிடுகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

இந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் என்னென்ன செய்தார் என்று பார்த்தால் பதில் இன்னும் தெளிவாகும். குஷ்டரோகியைத் தொட்டார், வரி வசூலிக்கும் ஆயக்காரனோடு சாப்பிட்டார், பேய்களைத் துரத்தினார். உலகத்து ராஜ்யங்களை எல்லாம் தருகிறேன் என்று பிசாசு காட்டியபோது வேண்டாம் என்றார். ஒரு சமாரியக் கிராமம் தங்க இடம் கொடுக்கவில்லை என்று சீஷர்கள் வானத்திலிருந்து அக்கினியை இறக்கச் சொன்னபோது அவர்களைத்தான் அதட்டினார். சொந்த வசதிக்கு அதைப் பயன்படுத்திய ஒரு சம்பவம்கூட நாலு சுவிசேஷத்திலும் கிடையாது.

அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? இயேசு கடவுளா, கடவுள் அனுப்பிய ஆளா?

"வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று மத்தேயு 28:18-ல் அவரே சொல்கிறார். கொடுத்தவர் பிதா. இதை ஒரு யூதப் பண்டிதரைவிட முதலில் புரிந்துகொண்டவர் ரோமப் பட்டாளத்து நூற்றுக்கு அதிபதி. நானும் ஒருவருக்குக் கீழே இருக்கிறவன், எனக்குக் கீழேயும் சேவகர் உண்டு, போ என்றால் போவார்கள் என்கிறார் அவர். நீர் என் வீடுவரை வர வேண்டாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார்.

ஆனால் அனுப்பப்பட்ட ஆள் என்பதோடு திருச்சபை நிற்கவில்லை. உயிர்த்தெழுந்தவரைக் கண்ட தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றார், இயேசு அதை மறுக்கவில்லை. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுடையவர்கள் என்று விசுவாசப் பிரமாணத்தில் எழுதினார்கள். 451-ல் கல்சிதோனில், முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர் என்று இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் சொன்னார்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று நம் மாவட்டத்தில் எத்தனை போர்டு தொங்கினாலும் இயேசு கடவுளும் மனிதரும் என்பதில் சண்டை இல்லை. தோமாவே கட்டியது என்று தலைமுறைகளாகச் சொல்லப்படும் திருவிதாங்கோடு அரப்பள்ளியில் ஜெபிக்கிறவர்களுக்கும் இதுதான் விசுவாசம்.

அவ்வளவு அதிகாரம் உள்ளவர் ஏன் சிலுவையில் செத்தார்?

சிலுவையின் கீழே நின்றவர்களும் இதைத்தான் கேட்டார்கள்: மற்றவர்களை இரட்சித்தான், தன்னை இரட்சித்துக்கொள்ள முடியவில்லையே என்று. கேலியாகத்தான் சொன்னார்கள். ஆனால் நடந்தது என்ன என்று யோசித்தால், தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் மற்றவர்களை இரட்சித்திருக்க முடியாது என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசமே.

யோவான் 10:18-ல், என் ஜீவனை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை, கொடுக்கவும் அதிகாரம் உண்டு, திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதிகாரம் உண்டு என்கிறார். பிலாத்து, உன்னைச் சிலுவையில் அறைய எனக்கு அதிகாரம் உண்டு என்று மிரட்டும்போது, மேலே இருந்து கொடுக்கப்படாவிட்டால் உமக்கு ஒன்றும் இருக்காது என்று கட்டப்பட்ட கையோடு பதில் சொல்கிறார்.

அந்த மரணம் நம்மை எப்படி மீட்கிறது என்பதற்கு வேதாகமம் ஒரே விளக்கம் தரவில்லை. பலி, மீட்கும் பொருள், ஒப்புரவு, மரணத்தின் மேல் வெற்றி என்று பல விதமாகச் சொல்கிறது. நம் பிரசங்கிகளுக்கு ஒன்று பிடித்துப்போனால் அதையே முப்பது வருஷம் சொல்வார்கள். மற்றவையும் அங்கேதான் இருக்கின்றன. மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்ததை விட்டுவிட்டு இவற்றில் எதுவும் நிற்காது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுல் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்.

இரட்சிப்பு என்றால் எதிலிருந்து? செத்த பிறகு மோட்சம் போவது மட்டும்தானா?

மோட்சம் உண்டு, ஆனால் அது மட்டும்தான் என்றால் சகேயு கதை புரியாது. எரிகோவின் வரிவசூல்காரர் அவர். ஊரார் சொத்தைச் சுரண்டியவர். இயேசு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு என்று எழுந்து நின்று சொல்கிறார். அப்போதுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார் இயேசு. சாகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை.

பாவத்திலிருந்து, மரணத்திலிருந்து, பயத்திலிருந்து. இந்தப் பயத்தை நம் தாத்தா பாட்டிமார் நன்றாக அறிவார்கள். செய்வினை, ஏவல், சுடலைக்குக் குறை வைத்தால் வீட்டில் சாவு விழும் என்ற பயம் என்று எல்லாம் இருந்தது. இயேசுவின் பேர் எல்லாவற்றுக்கும் மேல் என்று கேட்டபோது அவர்களுக்கு அது தத்துவமாகப் படவில்லை. ராத்திரி தூங்கலாம் என்று பட்டது.

இன்னொரு பயமும் இருந்தது, மனிதர்கள் உண்டாக்கியது. மயிலாடியைச் சேர்ந்த மகராசன் என்பவர் சிதம்பரம் யாத்திரை போனவர், தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அவர் அழைத்துத்தான் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் தென் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயமும் பள்ளிக்கூடமும் தொடங்கின. எந்தத் தெருவில் நடக்கலாம், யாருக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், பெண்கள் மேலே என்ன உடுத்தலாம் என்பதையெல்லாம் அடுத்தவர் தீர்மானித்த காலம் அது. நீ கடவுளின் சாயல், உனக்காக ஒருவர் ரத்தம் சிந்தியிருக்கிறார் என்று கேட்ட பெண், மறுநாள் சந்தைக்குப் போகும்போது தோளை மூடிக்கொண்டுதான் போவாள். 1820-களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் அடியும் தீவைப்புமாக நீண்டது. 1859-ல்தான் அரசாணை வந்தது, அதிலும் உயர்சாதியார் உடுத்தும் மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இதே மண்ணில், இதே கொடுமைக்கு எதிராக அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிமிர்ந்து நின்றது கிறிஸ்தவர்கள் மட்டும்தான் என்று மேடையில் பேசுகிறவர்கள் சாமித்தோப்பு வரை ஒருமுறை போய்வரலாம்.

சவேரியார் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாராமே. அதெல்லாம் இரட்சிப்பில் சேருமா?

1544-ன் கடைசியில் நம் கடற்கரை முக்குவர் ஊர்களில் நடந்தது அது. அவரே 1545 ஜனவரியில் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்குத் தமிழ் சரளமாக வராது. விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் மொழிபெயர்க்க வைத்து மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். போர்த்துகீசியரின் பாதுகாப்பும் ஒரு காரணம் என்று சரித்திரக்காரர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் என்றால், போர்த்துகீசியர் போன பிறகும் அந்த மக்கள் ஏன் சாயங்கால ஜெபமாலையை விடவில்லை? அந்த ஒரு மாதத்தில் தொடங்கியது முடிய நூற்றாண்டுகள் ஆயின.

தேவசகாயம் பிள்ளையை இயேசு ஏன் காப்பாற்றவில்லை?

ஒரு வகுப்பில் பத்தாம் வகுப்புப் பையன் கேட்டது. பெரியவர்கள் இதை இப்படி நேராகக் கேட்பதில்லை.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம். குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்கு நண்பர். ஆறுதல் கேட்டு வந்தவருக்கு டிலனாய் எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. யோசித்துப் பாருங்கள், அற்புதமாகத் தப்பித்தவன் கதை எத்தனையோ இருக்க, எல்லாவற்றையும் இழந்தவன் கதையைச் சொல்லியிருக்கிறார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், தேவசகாயம் என்ற பெயர். அப்புறம் தாழ்த்தப்பட்டவர்களோடு சேர்ந்து சாப்பிட்டார், பழகினார். 1749-ல் அரச துரோகம் என்று சொல்லிப் பிடித்தார்கள். எருமை மேல் உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் தவித்தபோது பாறையைக் கைமுட்டியால் இடித்ததும் தண்ணீர் வந்தது என்று சொல்வார்கள்; இன்றைக்கும் அங்கே தண்ணீர் எடுக்க ஆட்கள் போகிறார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் கல்லறை. 2022 மே 15-ல் ரோமில் புனிதர் என்று அறிவித்தார்கள்.

அந்த மூன்று வருஷத்தில் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் சொல்லவில்லை. ராஜாவின் கையில் அவருடைய உடல் இருந்தது, கூடவே துப்பாக்கியும் இருந்தது. ஆனால் அவர் யாருக்கு உரியவர் என்பதை ராஜாவால் மாற்ற முடியவில்லை. அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். அவன் முழுக்க ஏற்றுக்கொள்ளவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பரவாயில்லை, யோபுவும் அவ்வளவு சுலபத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதோடு சேர்த்து ஒன்று. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கோயிலுக்கு உள்ளேயே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். 1910-ல்தான் இடித்தார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது அந்தச் சுவர் இன்னும் பல கிறிஸ்தவ வீடுகளில் நிற்கிறது, நம் ஆலயங்களில் எது யாருடைய ஆலயம் என்று ஊருக்கே தெரியும். இயேசுவின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியாத இடம் எங்கே என்று பிறரைக் கேட்பதற்கு முன்னால் நாம் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

காற்றையும் கடலையும் அடக்கினவர் ஒக்கிப் புயலில் எங்கே போனார்?

2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்துக்காரர்கள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். படகில் ஏறும்போது சிலுவை போடாமல் ஏற மாட்டார்கள். பல வீடுகளுக்கு உடல்கூடத் திரும்பி வரவில்லை. அதற்கு முன்னால் 2004 டிசம்பர் 26, சுனாமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி.

இந்தக் கேள்விக்கு அழகாக முடிச்சுப் போட்ட பதிலை நான் நம்புவதில்லை. சொல்லக் கூடாத பதில்களை முதலில் ஒதுக்கிவிடலாம். விசுவாசம் குறைவு என்பது பொய். அந்தப் பெண்களைப்போல ஜெபித்தவர்கள் யார்? பாவத்துக்குத் தண்டனை என்பதும் பொய். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று லூக்கா 13-ல் இயேசுவே சொல்லிவிட்டார்.

மாற்கு 4-ல் படகில் தண்ணீர் ஏறும்போது இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்களில் பலர் கடல் தொழில் தெரிந்தவர்கள், சும்மா பயப்படுகிற ஆட்கள் இல்லை. "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று எழுப்புகிறார்கள். சுவிசேஷகர் இந்த வசனத்தை அழகுபடுத்தவில்லை, அழித்துவிடவும் இல்லை. சின்னத்துறையில் அன்றைக்குக் கேட்டதும் இதே வசனம்தான். கோபமாகக் கேட்பது அவிசுவாசம் இல்லை, சீஷர்கள் கேட்டதையே கேட்பதுதான் அது.

அவர் எழுந்து "இரையாதே, அமைதலாயிரு" என்று சொன்னார், காற்று நின்றது. அது நடந்தது என்று நான் நம்புகிறேன். ஒவ்வொரு புயலும் இப்படி நிற்கும் என்று அவர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே நம்புகிறேன். அந்தப் படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிற்பாடு இரத்தசாட்சிகளாகத்தான் செத்தார்கள் என்பது திருச்சபையின் பாரம்பரியம். செத்தவர்களைக் கடல் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை; சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்று வெளிப்படுத்தின விசேஷம் 20:13-ல் இருக்கிறது. உடல் கிடைக்காத வீட்டில் அந்த வசனம் எனக்குத் தெரிந்த எந்தப் பிரசங்கத்தைவிடவும் பெரியது.

இன்னொன்று. எச்சரிக்கை ஆழ்கடலுக்குப் போய்ச் சேர்ந்ததா, தேடும் கப்பல்கள் நேரத்துக்குப் போயினவா என்பதெல்லாம் மனிதர்கள் பதில் சொல்ல வேண்டிய கணக்கு. அதைக் கடவுள் தலையில் கட்டக் கூடாது. அந்த டிசம்பரில் குழித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து கேட்டார்களே, அது ஜெபத்துக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சின்ன வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். நீ இன்னும் இரட்சிக்கப்படவில்லை என்கிறான் பெந்தெகொஸ்தே நண்பன். திரும்ப எடுக்கவா?

கத்தோலிக்க, சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கின்றன. கடவுள் முந்திக்கொள்கிறார், நாம் பிற்பாடு ஆமென் சொல்கிறோம் என்பது அதன் பொருள். அந்த ஆமெனைச் சொல்லத்தான் திடப்படுத்தல். அந்த வகுப்புக்கு டிரெஸ் தைப்பதில் காட்டுகிற அக்கறையைப் படிப்பதில் காட்டியிருந்தால் உங்கள் நண்பனுக்கு இவ்வளவு வேலை இருக்காது. பெந்தெகொஸ்தே சபையினர் சுயமாக விசுவாசித்த பிறகு முழுக்கு என்கிறார்கள், அதற்கும் வேத ஆதாரம் காட்டுவார்கள். ஆனால் தண்ணீர் எத்தனை அடி என்பதில் இரட்சிப்பு தொங்கவில்லை. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு எந்த ஞானஸ்நானமும் கிடைக்கவில்லை.

நண்பன் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. இயேசுவை உன் ஆண்டவர் என்று நீயாகச் சொல்லியிருக்கிறாயா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு, ஏற்கனவே பெற்ற ஞானஸ்நானத்தில் நிலைத்திரு என்பேன்.

மாதாவிடமும் அந்தோனியாரிடமும் கேட்பது இயேசுவின் அதிகாரத்தைக் குறைப்பது ஆகாதா?

தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்பது 1 தீமோத்தேயு 2:5. கத்தோலிக்கரும் இதை மறுப்பதில்லை. எனக்காக ஜெபி என்று உங்களிடம் நான் கேட்கிற மாதிரிதான் புனிதர்களிடமும் கேட்கிறோம், இரட்சிப்பது இயேசு மட்டுமே என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் என் அத்தை கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு நேரே நற்கருணைப் பேழைக்கு முன்னால் போய்த்தான் முழங்காலில் நிற்பாள். கானாவூரில் மரியாள் வேலைக்காரரிடம் சொன்னதும், அவர் சொல்வதைச் செய்யுங்கள் என்றுதான்.

"இயேசுவின் நாமத்தில் கட்டளையிடுகிறேன்" என்று சொன்னால் வியாதி ஓடுமா? ஜெப எண்ணெய் வாங்கலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து அழகியமண்டபம் வரை ரோட்டோரம் பாருங்கள், எந்த மாதமும் ஒரு சுகமளிக்கும் கூட்டத்து ஃபிளெக்ஸ் இருக்கும். கோட் போட்ட ஊழியர், பின்னால் மேகம், கீழே கூகுள் பே எண்.

இயேசு சுகமாக்கினார், இன்றைக்கும் சுகமாக்குகிறார் என்று நம்புகிறேன். ஜெபித்துச் சுகமானவர்களை எனக்கே தெரியும். யாக்கோபு 5-ல் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்றும் இருக்கிறது. கத்தோலிக்கர் நோயில்பூசுதல் என்று அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் மூப்பர் எண்ணெயோடு வீட்டுக்கு வருவதும், பாட்டில் விலை போட்டு விற்பதும் ஒன்றா? "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்." காசு கொடுத்து இந்த வல்லமையை வாங்கப் பார்த்த சீமோனை, உன் பணம் உன்னோடே நாசமாய்ப் போகட்டும் என்று பேதுரு திட்டியது அப்போஸ்தலர் 8-ல் இருக்கிறது. வாங்க நினைத்தவனுக்கே அந்தத் திட்டு என்றால் விற்கிறவருக்கு என்ன என்று நீங்களே பாருங்கள்.

அப்போஸ்தலர் 19-ல் இன்னொரு சம்பவம். ஸ்கேவா என்பவனுடைய ஏழு பிள்ளைகள், பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரால் ஆணையிடுகிறோம் என்று பேய் ஓட்டப் போனார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று கேட்டு அது அவர்கள் மேல் பாய்ந்தது. துணிகூட இல்லாமல் ஓடினார்கள். அடுத்தவர் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பாங்கியில் போய்ப் பணம் கேட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. அந்த நாமம் மந்திரமாக வேலை செய்வதில்லை. அது ஒரு ஆளின் பெயர், அவரோடு உறவு வேண்டும்.

விசுவாசம் இருந்தால் சுகர் மாத்திரையை நிறுத்து என்று எந்த ஊழியர் சொன்னாலும் அவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். பவுல் மூன்று தரம் கேட்டும் அவரை வாட்டிய, 'முள்' என்று அவர் சொன்ன வேதனை எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவா? 1838-லேயே நெய்யூரில் ஆஸ்பத்திரி தொடங்கியது இயேசு சுகமாக்குவார் என்று நம்பியவர்கள்தான். 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல், நெய்யூரில் காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்த பிறகு லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய வாழ்க்கையை விட்டு இங்கேயே பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். ஜெபித்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்கள். கத்தியையும் எடுத்தார்கள்.

இயேசுவின் அதிகாரம் இப்போது பிஷப்பிடமும் பாஸ்டரிடமும் இருக்கிறதா?

வசனத்தைப் பிரசங்கிக்க, திருவிருந்து நடத்த, மன்னிப்பை அறிவிக்க அவர்களுக்குப் பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை இதைக் குருத்துவம் என்று இன்னும் அழுத்தமாகவே சொல்லும். ஆனால் புறஜாதியாரின் அதிபதிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது என்று மாற்கு 10-ல் சொன்னவர் இயேசு. எங்கள் டயோசிசன் கவுன்சில் தேர்தல் நேரத்தில் அந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை.

நல்லவனாக வாழ்ந்தால் போதாதா?

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்", இது எபேசியர் 2:8. கிரியையில்லாத விசுவாசம் செத்தது, இது யாக்கோபு. கத்தோலிக்கரும் லுத்தரனும் நானூறு வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டு, 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க்கில் கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள்: கிருபையால்தான், நற்கிரியை அதன் கனி. நம் ஊர் டீக்கடையில் மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

என் பக்கத்து வீட்டு இந்து நண்பர் என்னைவிட நல்லவர். அவர் நரகத்துக்கா?

"அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை" என்பது அப்போஸ்தலர் 4:12. இதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அதை யார், யாரிடம் சொன்னது என்று பாருங்கள். இரண்டு மீன்பிடிக்காரர்கள், கைதிகளாக, இயேசுவைக் கொலைக்கு ஒப்படைத்த அதே ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நின்றுகொண்டு சொன்னது. பலம் கையில் இருக்கிறவன் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இல்லை அது.

யார் இரட்சிக்கிறார் என்பதற்கு அந்த வசனத்தில் பதில் இருக்கிறது. யார் யாரை இரட்சிப்பார் என்ற பட்டியல் அதில் இல்லை. தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர்களும் கடவுளின் கிருபையால் மீட்படைய முடியும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் சொன்னது. சுவிசேஷ சபைகள் பலவும் இதை ஏற்பதில்லை, தெரியும். நான் பிடித்துக்கொள்வது மத்தேயு 25. நியாயத்தீர்ப்பு நாளில் வலதுபக்கம் நிற்கிறவர்களும் இடதுபக்கம் நிற்கிறவர்களும் ஒரே மாதிரி ஆச்சரியப்படுகிறார்கள்: உம்மை எப்போது கண்டோம்? நியாயாதிபதி இயேசுதான் என்றால் அந்த நாற்காலியில் நான் ஏறி உட்கார முடியாது.

1982-ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது குரல் தாழ்ந்துதான் இருக்க வேண்டும். இயேசுவைப் பற்றி நண்பரிடம் சொல்லுங்கள், அவர் கேட்டால் இன்னும் சொல்லுங்கள். அவர் வீட்டு விசேஷத்துக்கும் போங்கள்.

நான் இந்து. மதம் மாறாமல் இயேசுவிடம் ஜெபிக்கலாமா?

தாராளமாக. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் கிறிஸ்தவர்கள் என்று யாரும் வாசலில் கேட்பதில்லை. இயேசுவிடம் வந்த நூற்றுக்கு அதிபதியும் கானானியப் பெண்ணும் வேறு சமயத்தவர்கள். அவர்களிடம் முதலில் பெயரை மாற்று என்று அவர் சொல்லவில்லை. பணமோ, வேலையோ, பயமோ காட்டி உங்களை யாராவது அழைத்தால் வர வேண்டாம். ஜெபித்துப் பழகிய பிறகு அவர் உங்களிடம் என்ன கேட்பார் என்பது உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ளது. ஏதாவது கேட்பார் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

மாற்கு. பதினாறு அதிகாரம்தான், ஒரு ஞாயிறு மத்தியானத்தில் முடித்துவிடலாம். அடுத்து லூக்கா 15, 19, 23. பழைய மொழிபெயர்ப்பு கடினமாகத் தெரிந்தால் கத்தோலிக்கக் கடைகளில் கிடைக்கும் பொது மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரட்சிப்பு என்பதை அதில் மீட்பு என்று போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்காதீர்கள். அதில் தொடங்கினவர்கள் யார் அந்திக்கிறிஸ்து என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், மாற்குவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.